அடுப்பு பற்றவில்லையா? முதலில் லைட்டரைக் கீழே வையுங்கள்!

ஆடிப் பதினெட்டு அன்று எங்கள் பக்கத்து அடுப்பங்கரைகளில் எவ்வளவு வேலை இருக்கும் என்று தஞ்சாவூர்ச் சீமையில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. மேட்டூர் திறந்து, காவிரியில் தண்ணீர் நிறைந்து ஓடுகிற வருஷமாக இருந்துவிட்டால் புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடம் கிடைக்காது. வெயில் ஏறுவதற்கு முன் போய்ச் சேர வேண்டும். அதற்குள் புளியோதரை, எலுமிச்சம்பழ சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் ஐந்தும் தூக்குகளில் ஏறியாக வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு ஆடிப்பெருக்கு. விடியற்காலை நாலரை மணி. குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தேன். டியூப் லைட்டைப் போட்டேன். புளிக்காய்ச்சல் முதல் நாளே தயார். சாதம் வடிக்க வேண்டியதுதான் பாக்கி. காஸ் ரெகுலேட்டரைத் திறந்தேன். அடுப்பின் குமிழைத் திருப்பி லைட்டரை அழுத்தினேன். டக்கென்று சத்தம் வந்தது, தீ வரவில்லை. மறுபடி அழுத்தினேன். பக்கத்து பர்னரைத் திருப்பி அதிலும் அழுத்தினேன். ஊஹூம்!

அன்றைய அவசரம் எனக்கு. லைட்டர்தான் ஈரமாகிவிட்டது என்று நினைத்தேன். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் டக், டக், டக். எத்தனை தடவை அழுத்தியிருப்பேன் என்று எண்ணவில்லை. பதினைந்து இருக்கும். இதில் இன்னொரு விஷயத்தையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். அவ்வளவு நேரமும் இரண்டு குமிழையும் நான் மூடவே இல்லை.

எங்கள் வீட்டில் சுவாமி அலமாரி அடுப்படியிலேயே ஈசானிய மூலையில் இருக்கிறது. அதன் கீழே தரையில் குத்துவிளக்கு. என் மாமியார் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, நெருப்புப் பெட்டியைக் கையில் எடுத்துக் குச்சியையும் உருவிவிட்டார்கள். குனிந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"அம்மாடி, என்ன நாத்தம் இது? முட்டைக்கோஸ் அழுகின மாதிரி வருதே?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே அத்தை" என்றேன்.

2021-இல் கொரோனா வந்து போனதிலிருந்து எனக்கு மூக்கு மந்தம். ரசத்தில் பெருங்காயம் போட்டேனா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அத்தைக்கு எழுபத்தைந்து வயதாகிறது. அவர்கள் மூக்குக்கு மட்டும் வயதாகவில்லை.

"உனக்குத் தெரியாது. கையில இருக்கறதைக் கீழே வை. எல்லாத்தையும் மூடு" என்றார்கள். உருவிய குச்சியைப் பெட்டிக்குள் திருப்பிப் போட்டு, பெட்டியோடு கொல்லைப்புறம் போய்விட்டார்கள். போகிற போக்கில் கொல்லைக் கதவை விரியத் திறந்தும் வைத்தார்கள்.

அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. குமிழ்களை மூடினேன்; ரெகுலேட்டரையும் மூடினேன். சத்தம் கேட்டு எழுந்து வந்த என் பையன், நல்ல எண்ணத்தில், புகைபோக்கி விசிறியின் சுவிட்சுக்குக் கையை நீட்டினான். "தொடாதேடா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அக்காவே எழுந்து வந்துவிட்டார்கள். எரிந்துகொண்டிருந்த டியூப் லைட்டைக்கூட அணைக்கவில்லை. அது பாட்டுக்கு எரியட்டும் என்று விட்டோம். இவர் வந்து ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயில் வெள்ளை மூடியை அழுத்திப் போட்டார். எல்லோரும் வாசலில் போய் நின்றோம். தெருவில் நின்றபடியே இவர் 1906-க்குப் போன் செய்தார்.

நன்றாக விடிந்து, வீடு காற்றாடிய பிறகு உள்ளே போய்ப் பார்த்தோம். அடுப்பு மேடைக்குக் கீழே, சுவரை ஒட்டி டியூப் வளைந்து போகிற இடத்தில் எலி கடித்திருந்தது. ஒரு பொத்தல் இரண்டு பொத்தல் இல்லை, முக்கால்வாசி அறுந்தே போயிருந்தது. நெல் விளைகிற ஊர், கூடத்தில் பத்தாயம். எலிக்குக் கேட்க வேண்டுமா?

மத்தியானம் வந்த மெக்கானிக் தம்பி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, காஸ் முக்காலும் கீழேயே போயிருக்கு. பர்னருக்கு வரவே இல்லை. நீங்க மேலே லைட்டர் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. ராத்திரி ரெகுலேட்டரை மூடி வெச்சிருந்தீங்களே, அதுதான் காப்பாத்தியிருக்கு."

ராத்திரி ரெகுலேட்டரை மூடாமல் யாரும் படுக்கக் கூடாது என்பது அத்தை போட்ட சட்டம். மூடாமல் விட்டிருந்தால் அந்தப் பொத்தல் வழியே இரவு முழுதும் காஸ் வந்து வீடு நிறைந்திருக்கும். நாலரை மணிக்கு லைட்டுப் போடுவதற்கே நான் இருந்திருப்பேனா என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

விறகு அடுப்புப் பழக்கம்

அன்று எதிர்வீட்டு அக்கா தன் அடுப்பைக் கொடுத்ததால் ஐந்து சாதமும் ஒருவழியாக முடிந்தன. ஆற்றுக்கும் போனோம். ஆனால், விவரம் தெரிந்த நான் ஏன் அப்படிப் பைத்தியம் மாதிரி லைட்டரை அழுத்திக்கொண்டே இருந்தேன் என்ற கேள்வி என்னை விடவில்லை.

யோசித்துப் பார்த்தேன். நான் பிறந்த வீட்டில் விறகு அடுப்பும் உமி அடுப்பும்தான். ஈர விறகு பற்றாவிட்டால் அம்மா ஊதுகுழலை எடுத்து, கண்ணில் நீர் வழிய வழிய ஊதிக்கொண்டே இருப்பாள். பன்னாடையைச் சொருகுவாள், மறுபடி ஊதுவாள். விட்டுவிட்டால் அடுப்பு அணைந்துபோகும். விடாமல் முயன்றால் பற்றிக்கொள்ளும். அந்தப் பாடம்தான் நம் கையில் ஊறியிருக்கிறது.

காஸ் அடுப்புக்கு அந்தப் பாடம் நேர்மாறு. அங்கே நாம் விடாமல் முயலும் ஒவ்வொரு நிமிஷமும், பற்றாத வாயு அறையில் சேர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் பற்றும்போது பர்னரோடு நிற்காது.

நம் நாட்டில் இண்டேன் காஸ் முதன்முதலாகக் கல்கத்தாவில் வந்தது 1965-இல். அது ஊர் ஊராகப் பரவி எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வர எத்தனையோ காலம் ஆயிற்று. 2007-இல் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச காஸ் அடுப்பு கொடுத்தபோதுதான் என் பிறந்த வீட்டுத் தெருவில் பல வீடுகளில் புகை நின்றது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. புகையில்லாத அடுப்பு பெண்களுக்குப் பெரிய வரம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அடுப்பு மாறியும் கைப்பழக்கம் மாறவில்லை. அதை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்று தடவைக்கு மேல் முயலாத இயந்திரம்

அன்று சாயங்காலம் கனடாவில் இருக்கும் என் நாத்தனாரிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரு செய்தி சொன்னாள். அந்தக் குளிர் தேசத்தில் வீட்டைச் சூடாக்குவதற்கென்றே நிலவறையில் பெரிய காஸ் உலை வைத்திருக்கிறார்களாம். பனிக்காலத்தில் அது ஒரு நாள் ஓடாவிட்டால் குழாய்த் தண்ணீரே உறைந்துவிடுமாம். போன வருஷம் ஒரு ராத்திரி இவள் வீட்டு உலை கிளம்பவே இல்லை. குழந்தைகளைக் கம்பளியில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த உலை கிளம்பும் விதத்தைக் கேளுங்கள். முதலில் ஒரு விசிறி சுற்றி, உள்ளே தங்கிய வாயுவை வெளியேற்றும். பிறகு பற்றவைக்கும் கம்பி பழுக்கும். அதற்கப்புறம்தான் காஸ் திறக்கும். தீ வந்ததா என்று பார்க்க உள்ளே ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. சில விநாடிகளில் தீ தெரியாவிட்டால் காஸ் தானே மூடிக்கொள்ளும். மறுபடி விசிறி, மறுபடி முயற்சி. இப்படிச் சில தடவை, பெரும்பாலும் மூன்று தடவை, பார்த்துவிட்டுத் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு நின்றுவிடும். அவள் வீட்டில் தீயைப் பார்க்கும் அந்தக் கம்பியில் அழுக்குப் படிந்திருந்ததாம். ஆள் வந்து துடைத்துவிட்ட பிறகு கிளம்பிற்று.

அந்த இயந்திரத்துக்கு இருக்கிற நிதானம் அன்று எனக்கு இல்லை! நம் வீட்டு அடுப்புகள் பெரும்பாலானவற்றில் தீ இல்லாவிட்டால் தானே மூடிக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. அந்த வேலையை நம் கையும் மூக்கும்தான் செய்ய வேண்டும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறேன்.

ஒரு தடவை பற்றவில்லையா? குமிழை மூடு. குனிந்து மோந்து பார். வாடை இல்லையென்றால் ஜன்னலைத் திறந்து, ஒரு நிமிஷம் காற்றாட விடு. பிறகு இரண்டாம் தடவை. அதே மாதிரி மூன்றாம் தடவை. அதற்கும் பற்றாவிட்டால் லைட்டரைக் கீழே வைத்து, ரெகுலேட்டரை மூடிவிட்டுக் காரணத்தைத் தேடு. வாடை வந்தாலோ, முதல் தடவையோடு சரி.

ஒன்றா, இரண்டுமா?

காரணம் தேடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மெக்கானிக் தம்பி எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் கேள்வி இதுதான்: ஒரு பர்னர் மட்டும் எரியவில்லையா, அல்லது எல்லாமே எரியவில்லையா?

எல்லாமே எரியவில்லை என்றால் கோளாறு அடுப்புக்கு முன்னாலேயே இருக்கிறது. சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் என்று வரிசையாகப் பாருங்கள்.

1. ரெகுலேட்டர் திறந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள், பாதி நாள் இதுதான் காரணம்.

2. சிலிண்டரில் காஸ் இருக்கிறதா? நிறைந்த வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ காஸ் இருக்கும். காலிச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். எடை போட வசதியில்லாவிட்டால் ஈரத் துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாகத் துடைத்துவிடுங்கள். உள்ளே திரவம் உள்ள மட்டும் ஈரம் மெதுவாகக் காயும். காஸ் தீர்ந்துபோனால் சிலிண்டரைப் படுக்கப் போடுவது, கவிழ்ப்பது, வெந்நீரில் வைப்பது இவையெல்லாம் கூடவே கூடாது. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ரெகுலேட்டருக்குள் புகுந்துவிட்டால் ஒரு பங்கு திரவம் ஏறத்தாழ 250 பங்கு வாயுவாக விரியும்.

3. புதுச் சிலிண்டர் மாட்டிய உடனேயா? டியூபில் கொஞ்சம் காற்று இருக்கும். அதனால் முதல் தடவை பற்றத் தாமதமாகலாம். அப்போதும் மேலே சொன்ன விதிதான். ரெகுலேட்டர் வாயில் 'க்ளிக்' என்று உட்கார்ந்ததா என்று பாருங்கள். சிலிண்டர் வாய்க்குள் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். அது இல்லாவிட்டாலும் பிய்ந்திருந்தாலும் அங்கேயே காஸ் கசியும். புதுச் சிலிண்டர் கொண்டு வருகிற பையனை நிறுத்தி வைத்து, அவர் எதிரிலேயே இதைச் சரிபார்த்து வாங்குங்கள்.

4. டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, சிலிண்டருக்கோ அடுப்புக் காலுக்கோ அடியில் நசுங்கியிருக்கிறதா? எலி கடித்திருக்கிறதா? வெடிப்பு, வீக்கம் உண்டா? ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலால் தடவிப் பாருங்கள். எங்கள் வீட்டு எலியை அப்படித் தடவித்தான் பிடித்திருக்க வேண்டும்.

ஒரு பர்னர் மட்டும் எரியவில்லை என்றால் கவலை குறைவு. கோளாறு அந்த பர்னரில்தான்.

1. பர்னர் தலை சரியாக உட்கார்ந்திருக்கிறதா? தேய்த்துக் கழுவி வைக்கும்போது கோணலாக வைத்திருப்போம்.

2. கண்கள் அடைத்திருக்கின்றனவா? சாதம் வடிக்கிற வீட்டில் கஞ்சி பொங்கி வழிவது நித்தியப்படி. பால் வழிந்தாலும் அதே கதிதான். ரெகுலேட்டரை மூடி, பர்னர் ஆறிய பிறகு எடுத்து, சோப்புப் போட்ட வெந்நீரில் ஊறவையுங்கள். ஊக்கு முனையால் ஒவ்வொரு கண்ணையும் குத்திவிட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பற்றாது.

3. பர்னருக்குக் கீழே காஸும் காற்றும் கலக்கிற குழாய் ஒன்று இருக்கிறது. விசேஷத்துக்கு மட்டும் பரணிலிருந்து இறக்குகிற அடுப்பானால், அதில் சிலந்தி வலையோ குளவி மண்ணோ கட்டாயம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அக்கா வீட்டில் ஒரு தீபாவளிக்கு இப்படித்தான். குழாய்க்குள் குளவி மண் வீடே கட்டியிருந்தது. பாட்டில் கழுவுகிற மெல்லிய பிரஷ்ஷால் தள்ளிவிட்டதும் அடுப்பு ஜோராக எரிந்தது.

4. காஸ் வருகிற ஊசிக் கண், இறுகிப்போன குமிழ் இரண்டையும் தொடாதீர்கள். ஊசிக் கண்ணை நோண்டிப் பெரிதாக்கிவிட்டால் காஸ் அதிகமாக வரும். இறுகிய குமிழில் தேங்காய் எண்ணெய் விடுவது நம் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். காஸ் அடுப்புக்கு அது ஆகாது. அதற்கென்று தனி மசகு இருக்கிறது. மெக்கானிக் போடட்டும்.

லைட்டரின் மேல் சந்தேகமா? அடைமழைக் காலத்தில் லைட்டர் நமுத்துப்போவது உண்மைதான். குமிழ்களை மூடிவிட்டு, லைட்டரைத் தனியாக அழுத்திப் பொறி வருகிறதா என்று முற்றத்தில் போய்ப் பாருங்கள். நெருப்புக் குச்சி உபயோகிப்பவர்கள் முதலில் குச்சியைக் கிழித்து பர்னர் அருகில் பிடித்த பிறகே குமிழைத் திருப்ப வேண்டும். காஸைத் திறந்துவிட்டு நெருப்புப் பெட்டியைத் தேடக் கூடாது.

அந்த நாற்றம் எங்கிருந்து வந்தது?

சமையல் காஸுக்கு இயற்கையில் வாசனையே கிடையாது. எத்தில் மெர்காப்டன் என்ற பொருளை நமக்காகவே கலந்து விடுகிறார்கள். அதன் பின்னே ஒரு துயரக் கதை இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறைகளைக் காஸால் சூடாக்கி வந்தார்கள். நம் சிலிண்டர் காஸ் வேறு, அது வேறு. ஆனால் அதற்கும் வாசனை இல்லை. எங்கேயோ கசிந்து தரைக்கு அடியில் தேங்கியது ஒருவருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச் 18, பள்ளி விடப் போகிற நேரம். தொழிற்கல்வி வகுப்பில் ஒரு மின் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பொறி போதுமானதாக இருந்தது. குழந்தைகளும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகே காஸில் நாற்றம் கலக்க வேண்டும் என்று அங்கே சட்டம் கொண்டு வந்தார்கள்.

அதனால் "சீ, என்ன நாற்றம்!" என்று மூக்கைப் பொத்துவதற்கு முன் அந்தக் குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைத் தொடாதே என்று ஏன் சொல்கிறார்கள் என்பதும் இப்போது புரியும்.

வாடை வந்தால் செய்ய வேண்டியவை இவ்வளவுதான். விளக்கு, ஊதுவத்தி, பக்கத்து அடுப்பு என்று எரிகிற நெருப்பு எதுவாக இருந்தாலும் உடனே அணையுங்கள். குமிழ்களையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவு ஜன்னல்களைத் திறங்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம் என்று சுவிட்சுகளை விட்டுவிடுங்கள். முடிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டருக்கு மூடி போடுங்கள். அந்த மூடியை நூலோடு சிலிண்டரிலேயே தொங்கவிட்டிருப்பது இதற்குத்தான், அறுத்தெறியாதீர்கள். பிறகு குழந்தைகளோடு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் பரவிப் பள்ளத்தில் தேங்கும். நின்றுகொண்டிருக்கிற நமக்குத் தெரிவதற்கு முன் தவழ்கிற குழந்தையைச் சுற்றி அது வந்துவிடும். தரையில் வைக்கிற விளக்கும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் மோந்து பார்க்கும்போது குனிந்து மோந்து பார்க்கச் சொல்கிறேன். குழந்தைகள் குமிழைத் திருப்பி விளையாடுவதும் உண்டு. சமையல் முடிந்தால் ரெகுலேட்டரை மூடிவிடுவதே எல்லாவற்றுக்கும் மருந்து.

மூக்கையும் முழுக்க நம்ப முடியாது. சளி பிடித்தால், வயதானால், என்னைப் போல் நோய் வந்து போனால் மந்தப்படும். கொஞ்ச நேரம் ஒரே வாடையில் இருந்தாலும் மூக்குக்குப் பழகிப்போய்விடும். அப்படிப்பட்டவர்கள் கசிவைக் கண்டால் கத்துகிற சின்னக் கருவி ஒன்று வாங்கித் தரைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம். நாங்கள் மாட்டிவிட்டோம். டியூபையும் மாற்றினோம். முன்பு இருந்தது பாத்திரக்கடையில் வாங்கிய வெறும் ரப்பர் டியூப். இப்போது போட்டிருப்பது காஸ் ஏஜென்சியில் கொடுக்கும், உள்ளே கம்பி வலை வைத்த 'சுரக்ஷா' டியூப். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். மாற்ற வேண்டிய வருஷத்தைக் காஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மாட்டிய பிறகு இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தார் மெக்கானிக் தம்பி. குமிழி விட்டால் கசிவு என்று அர்த்தம். தீக்குச்சி காட்டிப் பார்க்கிற பழைய பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

நாற்றமே இல்லாத ஆபத்தும் ஒன்று உண்டு. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து, பாத்திரத்தின் அடி கரிந்தால், காற்றுப் போதாமல் காஸ் அரைகுறையாக எரிகிறது என்று அர்த்தம். அதில் கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு வாடையே கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு என்றுதான் தொடங்கும். எனவே பர்னரைச் சுத்தமாக வைத்திருங்கள். சமைக்கும்போது ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். குளியலறைக்குள் காஸ் கெய்சர் வைத்துக்கொண்டு கதவு ஜன்னலை அடைத்துக் குளிப்பது இதனால்தான் ஆபத்து.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வருகிற தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். சீர்ப் பட்டியல் எழுத உட்கார்ந்தபோது 'காஸ் அடுப்பு ஒன்று' என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த அத்தை, "டியூபு?" என்றார்கள். எழுதிக்கொண்டேன். "அவளுக்குப் பூட்டத் திறக்கத் தெரியுமா?" என்று அடுத்த கேள்வி. பெண்ணைக் கூப்பிட்டோம். சிலிண்டரைக் கழற்றி மாட்டச் சொன்னோம். குழாயைத் தடவச் சொன்னோம். குனிந்து மோந்து பார்க்கச் சொன்னோம். "அப்பாடா, மாப்பிள்ளை வீட்டில் கூட இப்படிப் பரீட்சை வைக்கவில்லை!" என்று அலுத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுக்கணும். அடுப்படிக்கு யார் முதல்ல போறாங்களோ அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார்கள் அத்தை.

அந்த ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுவிட்டு, அத்தை வழக்கத்தைவிட அதிக நேரம் கைகூப்பி நின்றார்கள். என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய், கொல்லைக் கதவைத் திறந்து வைத்து, குனிந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் குத்துவிளக்கை ஏற்றினார்கள். இன்று வரை அப்படித்தான் ஏற்றுகிறார்கள். நானும் பழகிக்கொண்டேன். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.